ஞாயிறு இரண்டு மணி முதல் நான்கு மணி வரை

1949-இல் லண்டனில் பிள்ளையை மருத்துவமனையில் சேர்த்த தாய் அதை மறுபடி எப்போது பார்ப்பாள் என்பதை, அவள் எந்த மருத்துவமனையின் படியேறினாள் என்பதுதான் தீர்மானித்தது. கைஸ் மருத்துவமனை என்றால் ஞாயிறு இரண்டு மணி முதல் நான்கு மணி வரை. செயின்ட் பார்த்தலோமியூ என்றால் புதன்கிழமை ஒன்றரை மணி நேரம். சேரிங் கிராஸில் ஞாயிறு ஒரே ஒரு மணி நேரம். செயின்ட் தாமஸில் முதல் ஒரு மாதம் பிள்ளையோடு பேசவே முடியாது. இரவு ஏழு மணிக்கு மேல் எட்டு மணிக்குள் போனால், அது தூங்குவதை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். லண்டன் மருத்துவமனையில் மூன்று வயது நிரம்பாத குழந்தையைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும். வெஸ்ட் லண்டன் மருத்துவமனையில் அதுவும் கிடையாது. அவ்வாண்டு ‘ஸ்பெக்டேட்டர்’ வார இதழில் வெளிவந்த பட்டியல் இது.

நம்மூர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டை ஒருமுறை பார்த்தவருக்கே இது நம்பச் சிரமமாக இருக்கும். கட்டிலுக்கு அடியில் பாய், தலைமாட்டில் பிளாஸ்க், பிள்ளையின் காலடியில் சுருண்டு படுத்திருக்கும் அம்மா அல்லது ஆச்சி. துணைக்கு ஆள் இல்லையென்றால்தான் இங்கே நர்ஸ் கோபித்துக்கொள்வார். பிரிட்டனிலோ தாயை வாசலோடு நிறுத்துவதுதான் நவீன மருத்துவம் என்று ஏறத்தாழ நூறு ஆண்டுகள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதில், பிள்ளையின் மனத்தைப் பெரியவர்கள் படிக்கக் கற்றுக்கொண்ட கதையும் அடங்கியிருக்கிறது.

ஆதியில் அப்படி இருக்கவில்லை. 1769-இல் லண்டனில் ஏழைக் குழந்தைகளுக்கென்று இலவச மருந்தகம் தொடங்கிய ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் என்ற மருத்துவர், உள்நோயாளிகளாகக் குழந்தைகளைச் சேர்ப்பதையே எதிர்த்தார். நோயுற்ற பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்தால் அந்தக் கணமே அதன் நெஞ்சு உடைந்துவிடும் என்பது அவர் வாதம். கிரேட் ஆர்மண்ட் தெருவில் பத்தே கட்டில்களோடு குழந்தைகள் மருத்துவமனை திறந்தது 1852-இல்தான். பிறகு கட்டில்கள் பெருகின, விதிகளும் பெருகின.

விதி போட்டவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். கிருமிகளைப் பற்றி அறிந்த முதல் தலைமுறை அது; கிருமியைக் கொல்லும் மருந்து கையில் இல்லாத தலைமுறையும் அதுவே. வார்டுக்குள் ஒரு பிள்ளைக்கு அம்மையோ தொண்டை அடைப்பானோ வந்தால் நாலு பிள்ளைகள் போய்விடும். தெருவிலிருந்து வரும் ஒவ்வொரு கோட்டும் குல்லாவும் சந்தேகத்துக்குரியவை. இது ஒரு காரணம். இன்னொன்றை வார்டு சிஸ்டர்கள் தங்கள் அனுபவத்திலிருந்தே சொன்னார்கள்: பெற்றோர் வந்து போன பிறகுதான் வார்டு முழுக்க அழுகை. வராத நாட்களில் பிள்ளைகள் சாதுவாக இருக்கின்றன, கொடுத்ததைச் சாப்பிடுகின்றன, நர்ஸைப் பார்த்துச் சிரிக்கின்றன. ஆகவே வருகைதான் தொந்தரவு. முதல் இரண்டு மூன்று நாள் அழும், அப்புறம் பழகிவிடும்.

கண்ணால் கண்டதைத்தான் அவர்கள் சொன்னார்கள். கண்டதற்கு அவர்கள் வைத்த பொருள்தான் பிசகு என்று நிரூபிக்க நெடுங்காலம் பிடித்தது.

தொற்றுநோய் மருத்துவமனைகளில் இன்னும் கடுமை. ஸ்கார்லெட் காய்ச்சல் என்றால் ஆறு வாரம்வரை கூட உள்ளே. பெற்றோருக்கு ஓர் எண் கொடுப்பார்கள். மாலையில் வரும் உள்ளூர்ப் பத்திரிகையில் எண்கள் வரிசையாக அச்சாகியிருக்கும்: ஆபத்தான நிலை, கவலைக்கிடம், தேறி வருகிறது. தகப்பன் பத்திரிகையை விரித்து, தன் பிள்ளையின் எண் எந்தத் தலைப்பின் கீழே இருக்கிறது என்று தேடவேண்டும்.

காசநோய்ப் பிள்ளைகளுக்கு வாரக்கணக்கு மாதக்கணக்காயிற்று, ஆண்டுக்கணக்குமாயிற்று. வேல்ஸ் மலைப்பகுதியில் க்ரெய்க்-இ-நோஸ் என்றொரு மாளிகை. அடெலினா பாட்டி என்ற புகழ்பெற்ற ஓபராப் பாடகி வாழ்ந்த வீடு. 1922-இல் காசநோய் விடுதியானது. குழந்தைகளும் இளம்பெண்களுமே அங்கே பெரும்பாலோர். தூய காற்றுதான் மருந்து என்பதால் கட்டில்களைத் திறந்த பால்கனியில் போட்டிருந்தார்கள். பனி பெய்தால் போர்வைமேல் பனி. எழுந்து ஓடும் பிள்ளைகளைக் கட்டிலோடு கட்டிவைத்ததும் உண்டு. பெற்றோர் வருகை மாதம் ஒருமுறை. 1959-இல் மூடப்பட்ட அந்த விடுதியில் வளர்ந்தவர்கள் அரை நூற்றாண்டு கழித்துத் தங்கள் நினைவுகளை ஒலிப்பதிவாகவும் நூலாகவும் திரட்டினார்கள்.

மருத்துவமனையை மட்டும் குறை சொல்ல முடியாது. வீட்டுக்குள்ளும் அதே காற்றுதான் வீசியது. நியூசிலாந்தில் 1907-இல் ப்ளங்கெட் சங்கத்தைத் தொடங்கிய ட்ரூபி கிங், கடிகாரம் பார்த்து நான்கு மணிக்கொரு தரம் பாலூட்டச் சொன்னார். இடையில் அழுதால் அழட்டும். அந்தப் பழக்கம் பிரிட்டனிலும் ஊன்றியது. அமெரிக்க உளவியலர் ஜான் வாட்சன் 1928-இல் எழுதிய குழந்தை வளர்ப்பு நூல், பிள்ளையைக் கட்டியணைக்க வேண்டாம், முத்தம் வேண்டாம், காலையில் கைகுலுக்கினால் போதும் என்று பெற்றோருக்கு உபதேசித்தது. அழுகிற குழந்தையைத் தூக்கினால் அழுகைக்குப் பரிசு கொடுத்ததாகிவிடும், மேலும் அழும் என்பது கணக்கு. அந்தக் கணக்குக்குப் பதில் பின்னால் வரும்.

வழக்கத்தை மீறியவர்களும் இல்லாமல் இல்லை. நியூகாசிலில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற மருத்துவர் 1920-களிலேயே தம் குழந்தைகள் மருத்துவமனையில் தாய்மாரை உடன் தங்கவைத்து, அவர்கள் கையாலேயே பிள்ளைகளைப் பராமரிக்கச் செய்தார். நியூசிலாந்தில் பிக்கரில் தம்பதியர் உதட்டுப் பிளவு அறுவை சிகிச்சைக்கு வரும் கைக்குழந்தைகளைத் தாயோடு தனியறையில் வைத்தார்கள். அங்கே ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்று பரவுவது அறவே நின்றுபோனது என்று 1940-களில் மருத்துவ இதழ்களில் எழுதினார்கள். தாய் வந்தால் கிருமி வரும் என்ற வாதத்தின் ஆணிவேரையே அசைக்கும் செய்தி அது, அசையவேண்டியவர்கள் அசையவில்லை. நியூயார்க்கின் பெல்வ்யூ மருத்துவமனையில் ஹாரி பேக்வின், கைகளை இருமுறை கழுவாமல் உள்ளே வராதே என்ற பலகையை எடுத்துவிட்டு, ஒரு குழந்தையைத் தூக்கிக்கொள்ளாமல் இங்கே நுழையாதே என்ற பொருளில் புதுப் பலகை மாட்டினார். உளப்பகுப்பாய்வாளர் ரெனே ஸ்பிட்ஸ் 1945-46-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. சுத்தமும் உணவும் குறையாத அநாதை இல்லம் ஒன்றில் அவர் கவனித்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரண்டே ஆண்டில் இறந்துபோயின. சிறைச்சாலை ஒன்றில் கைதித் தாய்மாரே வளர்த்த குழந்தைகள் பிழைத்துக்கொண்டன.

இதற்கிடையில் போர். 1939 செப்டம்பர் முதல் மூன்று நாட்களில் பிரிட்டன் சுமார் 15 லட்சம் பேரை நகரங்களிலிருந்து வெளியேற்றியது, பெரும்பாலோர் குழந்தைகள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களைத் தாயில்லாமல் அனுப்பாதீர்கள் என்று ஜான் பௌல்பி, டொனால்ட் வின்னிகாட், இமானுவேல் மில்லர் ஆகிய மூன்று மருத்துவர்களும் அந்த டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார்கள். லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் உளப்பகுப்பாய்வாளர்களான அன்னா ஃப்ராய்டும் டொரதி பர்லிங்கமும் போர்க்காலக் காப்பகம் நடத்தினார்கள். குண்டு விழும் சத்தத்தைவிடத் தாயைப் பிரிந்ததே பிள்ளைகளை அதிகம் உலுக்கியது என்பது அங்கே அவர்கள் கண்ட உண்மை.

கதாநாயகன் நுழைவது அந்தக் காப்பகத்தின் பின்வாசல் வழியாக. ஜேம்ஸ் ராபர்ட்சன், கிளாஸ்கோவை அடுத்த ஊரைச் சேர்ந்த தொழிலாளி வீட்டுப் பிள்ளை. பதினாலு வயதில் பள்ளியை விட்டு இரும்பாலைக்குப் போனவர். போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர். 1941-இல் காப்பகத்தில் அவருக்குக் கிடைத்தது கொதிகலனுக்குக் கரி போடுவதும் உடைந்ததைச் சரிசெய்வதுமான வேலை. மனைவி ஜாய்ஸ் அங்கேயே குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். அன்னா ஃப்ராய்டிடம் ஒரு கண்டிப்பு இருந்தது: காப்பகத்தில் யார் எந்த வேலை செய்தாலும், பிள்ளைகளிடம் கண்டதைச் சிறு அட்டைகளில் எழுதித் தரவேண்டும். கொதிகலன்காரருக்கும் விலக்கில்லை. ஒரு குழந்தை என்ன செய்தது, எவ்வளவு நேரம், அதற்கு முன் என்ன நடந்தது. கருத்துச் சொல்லாமல் கண்டதை மட்டும் எழுதப் பழகியது அந்தக் கை.

போர் முடிந்தபின் சமூகப் பணியாளராகப் பயிற்சி பெற்று, 1948-இல் டாவிஸ்டாக் மருத்துவ மையத்தில் பௌல்பியிடம் சேர்ந்தார். பௌல்பி மேட்டுக்குடி. சிறுவயதில் தாயை நாளுக்கு ஒரு மணி நேரம், தேநீருக்குப் பிறகு பார்த்து வளர்ந்தவர். தாய்க்குத் தாயாக இருந்த செவிலி அவருக்கு நாலு வயது நிரம்பும் சமயத்தில் வேலையை விட்டுப் போய்விட்டாள். தாயைப் பிரிந்த பிள்ளைகளைப் பற்றிய புத்தகம் போடும் வேலை ஒருவருக்கும், போய்ப் பார்த்துவிட்டு வரும் வேலை மற்றவருக்கும் என்று பங்கு பிரிந்தது.

ராபர்ட்சன் போய் நின்றது சென்ட்ரல் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் குழந்தைகள் வார்டு. வாரக்கணக்கில் சும்மா உட்கார்ந்து பார்த்தார். டாக்டர் ஐந்து நிமிடம் நிற்பார், நர்ஸ் ஓடிக்கொண்டே இருப்பார். ஒரே குழந்தையைத் தொடர்ந்து மணிக்கணக்கில் பார்த்தவர் அங்கே இவர் ஒருவர்தான். அவர் கண்டது மூன்று கட்டம். முதலில் எதிர்ப்பு: அழுகை, கம்பிக் கட்டிலை உலுக்குவது, ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் கதவைப் பார்ப்பது. அடுத்து நம்பிக்கை இழப்பு: சத்தம் குறையும், பிள்ளை சுருண்டு கிடக்கும், எதையும் கேட்காது. வார்டு நிம்மதியடைவது இந்தக் கட்டத்தில். மூன்றாவது விலகல்: விளையாடும், எல்லாரையும் பார்த்துச் சிரிக்கும், தாய் வந்தால் மட்டும் யாரோ வந்தது மாதிரி இருக்கும். பழகிவிட்டது என்று வார்டு சிஸ்டர்கள் பாராட்டிய பிள்ளை, தாயை எதிர்பார்ப்பதையே நிறுத்திக்கொண்ட பிள்ளை.

சொன்னார், யாரும் கேட்கவில்லை. இளகிய மனசுக்காரர், மிகைப்படுத்துகிறார் என்றார்கள். அதனால் ஒரு சினிமா கேமரா வாங்கினார். அதற்குமுன் அதைத் தொட்டதுகூட இல்லை.

படமெடுத்த விதத்திலேயே ஒரு வழக்கறிஞரின் தந்திரம் இருந்தது. குழந்தையைக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து குலுக்கல்முறையில் எடுத்தார்கள். வேண்டுமென்றே அழுமூஞ்சியைத் தேடிப் பிடித்தார்கள் என்ற பேச்சு வராது. தினமும் குறித்த நேரங்களில் மட்டும் கேமரா ஓடியது, சுவர்க் கடிகாரமும் சட்டத்துக்குள் தெரிந்தது. அழுத நேரத்தை மட்டும் வெட்டி ஒட்டினார்கள் என்ற பேச்சும் வராது. சீட்டில் விழுந்தவள் இரண்டரை வயதை எட்டாத ஒரு பெண்குழந்தை. தொப்புள் குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை, எட்டு நாள் வாசம்.

வயதுக்கு மீறிய அடக்கம் கொண்டவள் அந்தப் பெண் என்பது படமெடுத்தவர்களுக்கே எதிர்பாராத சிக்கல். அவள் அலறவில்லை. முதல்நாள் குளிப்பாட்டும்போது ஒரு கணம் கதறியவள், சிறிது நேரத்தில் முகத்தைச் சரிசெய்துகொண்டாள். பிறகு பொம்மைக் கரடியையும் தன் துணித்துண்டையும் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாராவது சிரிப்புக் காட்டினால் சிரிப்பாள். நடுவில், அழாமல், தாழ்ந்த குரலில் அம்மா எங்கே என்று கேட்பாள். தாய் பார்க்க வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எட்டாம்நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது தன் சாமான் ஒன்றைக்கூட விடமாட்டேன் என்று நின்றாள், கிழிந்த புத்தகம் உட்பட. அலறல் இல்லாததுதான் படத்தின் வலு. முகத்தின் ஓரத்தில் இழுபடும் தசையையும் விரல்கள் துணியை முறுக்குவதையும் பெரிய திரையில் பார்த்தவர்களால், பிள்ளை சாதுவாக இருக்கிறது என்று அதன்பிறகு சுலபத்தில் சொல்ல முடியவில்லை.

1952 நவம்பரில் லண்டன் ராயல் மருத்துவச் சங்கத்தில் ஏறத்தாழ முந்நூறு டாக்டர்களும் நர்ஸ்களும் கூடிய அரங்கில் ‘இரண்டு வயதுக் குழந்தை மருத்துவமனைக்குப் போகிறது’ திரையிடப்பட்டது. விளக்கு போட்டதும் ஒருவர்பின் ஒருவராக எழுந்து ஏசினார்கள். இது எங்கள் தொழிலுக்கு அவதூறு, இந்தக் குழந்தை விதிவிலக்கு, எங்கள் வார்டில் வந்து பாருங்கள், எல்லாம் சிரித்துக்கொண்டிருக்கும், படத்தை முடக்குங்கள். கோபப்பட்டவர்களில் டெர்மாட் மக்கார்த்தி என்ற குழந்தை மருத்துவரும் ஒருவர். கோபத்தோடு தம் ஆமர்ஷாம் மருத்துவமனைக்குத் திரும்பினார், தம் வார்டுக்குள் நடந்தார். தினமும் பார்த்த பிள்ளைகள் அன்று வேறு மாதிரி தெரிந்தார்கள். தாய்மாரை உள்ளே விட்டார். ஆறு ஆண்டு கழித்து ராபர்ட்சன் எடுத்த அடுத்த படம், தாயோடு மருத்துவமனையில் தங்கும் குழந்தையைப் பற்றியது. படமானது அதே ஆமர்ஷாம் வார்டில்.

அரசு மெதுவாக அசைந்தது. தேசிய சுகாதாரச் சேவை 1948-இல் வந்துவிட்டதால் சுற்றறிக்கை அனுப்ப ஒரு அமைச்சகம் இருந்தது. தினமும் பெற்றோரை அனுமதிக்கலாமே என்று ஐம்பதுகளின் தொடக்கத்தில் அது மருத்துவமனைகளைக் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான். 1956-இல் எலும்பு அறுவை மருத்துவர் ஹாரி பிளாட் தலைமையில் குழு அமைத்தார்கள். 1959-இல் வந்த பிளாட் அறிக்கை, பார்வை நேரக் கட்டுப்பாட்டைக் கைவிடு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையோடு தாய் தங்க வசதி செய், பிள்ளைகளைப் பெரியவர்கள் வார்டில் போடாதே என்றெல்லாம் பரிந்துரைத்தது. அரசும் ஏற்றது. வார்டு கதவுகள் பல இடங்களில் அப்போதும் மூடியே கிடந்தன.

திறந்தவர்கள் அம்மாக்கள். 1961-இல் ராபர்ட்சன் படத்தின் பகுதிகளை பிபிசி தொலைக்காட்சியில் காட்டி, பத்திரிகையிலும் எழுதி, உங்கள் அனுபவத்தை எழுதுங்கள் என்று பெற்றோரைக் கேட்டார். கடிதங்கள் குவிந்தன, அடுத்த ஆண்டே அவை நூலாயின. அதே 1961-இல் லண்டன் பேட்டர்சீ பகுதியில் சில இளந்தாய்மார் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிளாட் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் மருத்துவமனையில் இது ஏன் நடப்பதில்லை என்று ஊர் ஊராகக் கேட்பதுதான் அவர்கள் வேலை. சில ஆண்டுகளில் அது நாடு தழுவிய அமைப்பாயிற்று. டாக்டர்களின் மனமாற்றத்தைவிட இந்த நச்சரிப்பே அதிகம் சாதித்தது என்று தோன்றுகிறது.

மருத்துவமனைக்கு வெளியே ராபர்ட்சனின் கவனிப்பு முறை இன்னொரு பக்கம் கிளை பரப்பியது. 1950-இல் டாவிஸ்டாக்கில் வேலைக்குச் சேர்ந்த உளவியலர் மேரி எய்ன்ஸ்வொர்த், ராபர்ட்சனின் குறிப்புகளைப் படித்து வியந்தார். என்றைக்காவது சொந்தமாக ஆய்வு செய்தால் இப்படித்தான் செய்யவேண்டும் என்று தீர்மானித்தார். 1954-இல் உகாண்டாவுக்குப் போனவர், கம்பாலாவைச் சுற்றிய கிராமங்களில் 26 குடும்பங்களின் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து தாயையும் சேயையும் பார்த்தார். பிறகு அமெரிக்காவின் பால்டிமோரிலும் 26 குடும்பங்கள். குழந்தையின் முதல் ஆண்டு முழுக்க மூன்று வாரத்துக்கொருமுறை நீண்ட வருகை. அவர் கவனித்தது தாய் எவ்வளவு கொஞ்சினாள் என்பதை அல்ல. பிள்ளை காட்டும் குறிப்பு அவள் கண்ணில் படுகிறதா, பட்டால் சரியாகப் புரிந்துகொள்கிறாளா, பசியைப் பசியென்றும் தூக்கத்தைத் தூக்கமென்றும் பிரித்தறிந்து தாமதியாமல் செய்கிறாளா என்பதை. வாட்சனின் கணக்குக்கு இங்கே எதிர்க்கணக்கு கிடைத்தது: ஆரம்ப மாதங்களில் அழுதவுடன் தூக்கப்பட்ட குழந்தைகள் ஆண்டு முடிவில் குறைவாகவே அழுதன. முறையைப் பற்றிச் சிலர் பிற்பாடு சண்டை போட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எய்ன்ஸ்வொர்த்தின் புகழ்பெற்ற சோதனையில் ஒரு வயதுக் குழந்தை பழகாத அறையில் சில நிமிடம் தாயைப் பிரிந்திருக்கும். ஆய்வாளர்கள் குறித்துக்கொண்டது தாய் போகும்போது அது அழுததையல்ல, திரும்பி வரும்போது என்ன செய்தது என்பதை. ஓடிவந்து ஒட்டிக்கொண்டு, தேறி, மறுபடி விளையாடப் போன பிள்ளைகள் பெரும்பாலோர். சில பிள்ளைகள் தாயை ஏறிட்டும் பாராமல் பொம்மையில் மூழ்கின. பார்ப்பவருக்கு நல்ல சமர்த்து. பின்னாளில் அப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தார்கள், படபடத்துக்கொண்டிருந்தது.

பௌல்பியின் பேரில் குற்றச்சாட்டுகளும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்துக்காக அவர் 1951-இல் எழுதிய அறிக்கை, வேலைக்குப் போகும் தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற உதவியது. தகப்பன் அதில் ஓரமாகத்தான் வருகிறான். தாயைப் பிரிவது, தாயே இல்லாதது, இருந்தும் அன்பில்லாதது என்ற வெவ்வேறு துன்பங்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார் என்று மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் 1972-இல் பிரித்துக் காட்டினார்.

அதற்கும் முன்பே மாற்றுக் குரல் வந்தது ராபர்ட்சன் வீட்டிலிருந்துதான். அறுபதுகளின் பிற்பகுதியில் ஜேம்ஸும் ஜாய்ஸும், தாய் பிரசவத்துக்குப் போன சமயத்தில் நான்கு சிறு குழந்தைகளை ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள், அதையும் படமெடுத்தார்கள். முன்கூட்டியே பிள்ளையோடு பழகி, அது என்ன சாப்பிடும், எப்படித் தூங்கும் என்று ஜாய்ஸ் தாயிடம் கேட்டுவைத்துக்கொண்டார். வீட்டிலிருந்து பொம்மையும் போர்வையும் வந்தன. தாயின் படத்தைக் காட்டி அவளைப் பற்றிப் பேசினார். தகப்பன் வந்து போனார். பிள்ளைகள் ஏங்கத்தான் செய்தன, உடைந்துபோகவில்லை. அதே காலத்தில் ஒன்பது நாள் குழந்தைகள் இல்லத்தில் விடப்பட்ட பதினேழு மாதப் பையன் ஒருவனையும் படமாக்கினார்கள். நல்ல இல்லம்தான், ஆனால் நர்ஸ்கள் வேளைக்கு வேளை மாறினார்கள். யாராவது ஒருவரைப் பிடித்துக்கொள்ள முதல் நாட்களில் அவன் முயன்றுகொண்டே இருந்தான். கடைசிநாள் தாய் வந்து கையை நீட்டியபோது போக மறுத்தான்.

பிரிவு மட்டுமே பிள்ளையை நம்பிக்கை இழக்கச் செய்யும் என்பதற்கு இது ஆதாரமல்ல. பிரிந்த இடத்தில் அதைப் பார்த்துக்கொள்ளப் புரிந்த ஒரு ஆள் இல்லாததும் சேர்ந்துதான் அப்படிச் செய்கிறது என்று 1971-இல் தம்பதியர் எழுதினார்கள். தாயைப் பிரிந்த குழந்தையின் துயரம் இறந்தவரை நினைத்துப் பெரியவர் படும் துயரத்துக்கு இணை என்று வாதிட்டுவந்த பௌல்பிக்கு இது உவப்பாக இல்லை. இருபது ஆண்டு ஒன்றாக வேலை செய்தவர்களிடையே இந்தக் கேள்வி கடைசிவரை தீராமலே நின்றது.